கடலோர வீட்டு கேட்டும் கிரில்லும்: முதலில் உப்பைக் கழுவுங்கள்

கடலூரில் கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறீர்கள் என்றால் பெயிண்ட் கடைக்கு ஓடாதீர்கள். முதலில் இரண்டு வாளி நல்ல தண்ணீர் பிடித்து வையுங்கள். இந்த வேலையில் பாதி வெற்றி அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது.

முதுநகரில் எங்களுக்குக் கிரில் பட்டறை. அப்பா நடத்தினார், இப்போது நான் நடத்துகிறேன். வெல்டிங் ராடு பிடிக்க, கட்டிங் வீல் மாட்ட, கேட் தொங்கவிட எல்லாம் அவரிடம் கற்றதுதான். தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், தாழங்குடா பக்கமிருந்தும் வேலை வரும், பண்ருட்டி, நெல்லிக்குப்பம் பக்கமிருந்தும் வரும். இரும்பு ஒன்றுதான், பெயிண்டும் ஒன்றுதான். ஆனால் கடலிலிருந்து தள்ளியிருக்கும் பண்ருட்டியில் வருஷக்கணக்கில் நிற்கிற பெயிண்ட், கடற்கரைத் தெருவில் அடுத்த மழைக்குள் கொப்புளம் விட்டுவிடும். கொப்புளத்தை நகத்தால் கீறினால் உள்ளே ஈரமும் செந்தூளும் இருக்கும். "பெயிண்ட் சரியில்லை" என்று கம்பெனியைத் திட்டுவார்கள். பெரும்பாலும் பெயிண்ட் மேல் தப்பில்லை. அதற்கு அடியில் உப்பை வைத்து மூடியதுதான் தப்பு.

காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்களே, கேட்டின் மேல் படிந்திருக்கும் உப்புத்தூளும் அப்படியேதான். கடலோரத்தில் பெரும்பாலான இரவுகள் அந்த அளவைத் தாண்டிவிடும். மழையே பெய்யாவிட்டாலும் கம்பியின் மேல் இரவெல்லாம் உப்புத்தண்ணீர் நிற்கிறது என்றுதான் அர்த்தம். பெயிண்ட் நீராவியை முழுசாகத் தடுக்காது. அடியில் உப்பு இருந்தால் அது ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் இரும்பைத் தின்னும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. மழையில் நனைகிற தெருக்கேட்டை விட, சன்ஷேடுக்கு அடியில் மழை படாமல் இருக்கிற ஜன்னல் கிரில்தான் முதலில் போகும். கேட்டை ஐப்பசி கார்த்திகை மழை கழுவிவிடுகிறது, கிரில்லை யாரும் கழுவுவதில்லை. கம்பியின் மேல்பக்கம் பளபளப்பாக இருக்கும், அடிப்பக்கம் செதிலாக உரியும். ஆகவே பார்க்கும்போது குனிந்து, அடியிலிருந்து மேலே பாருங்கள். கேட்டில் கீழ்ச் சட்டத்தின் அடிப்பகுதி, கீல் பற்றவைத்த இடம், தூண் தரையில் இறங்குகிற இடம் ஆகிய மூன்றையும் ஒரு சின்ன சுத்தியலால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், அரித்த இடம் சொத்தென்று கேட்கும். சந்தேகம் வந்தால் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து அழுத்துங்கள். உள்ளே போனால் அங்கே பெயிண்ட் வேலை இல்லை, வெட்டி எடுத்து வெல்டிங்கில் ஒட்டுகிற வேலை.

கழுவுவது

சுரண்டுவதற்கு முன்பே கழுவ வேண்டும். உப்போடு சுரண்டினால் அந்த உப்பை நாமே குழிக்குள் அடைத்துவிடுகிறோம். பாத்திரம் தேய்க்கும் சோப்பு கொஞ்சம் கலந்த தண்ணீர், நைலான் பிரஷ், அப்புறம் தாராளமாக அலசல், அவ்வளவுதான். தண்ணீர் எது என்பதில் மட்டும் கவனம் வேண்டும். கரையோரத் தெருக்களில் நிறைய வீடுகளில் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவினால் கழுவாததற்குச் சமம். குடிக்கிற தண்ணீர், இல்லையென்றால் மொட்டை மாடியிலிருந்து பிடித்த மழைத்தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கேட்டுக்கு இரண்டு வாளி தாராளம்.

ஒரு பெரியவர் வீட்டில் இந்த வேலை நடக்கும்போது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "ஏம்மா, தண்ணி ஊத்துறதுக்கும் கூலி போடுவியா?" என்று கேட்டார். "ஆமாங்கய்யா, தண்ணிக்குத்தான் கூலியே. பெயிண்டு நீங்களே அடிச்சிக்கலாம்" என்றேன். அப்படியே செய்தார், பேரனோடு சேர்ந்து அவரே அடித்தார். வருஷங்கள் ஆகியும் அந்த கேட் நன்றாக இருக்கிறது.

சுரண்டுவது

செதில் செதிலாக நிற்கும் துருவைச் சிப்பிங் சுத்தியலால் தட்டி எடுங்கள். பிறகு கிரைண்டரில் கம்பி பிரஷ். கம்பி பிரஷ் நம்மை ஏமாற்றும் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்: அது துருவை எடுக்காமலே தேய்த்துப் பளபளப்பாக்கிவிடும். கறுப்பாக மினுங்கினால் அது இரும்பு இல்லை, இறுகிப்போன துரு. வெள்ளி போல் சாம்பல் நிறம் தெரிந்தால்தான் இரும்பு. கறுப்பு நின்றால் கிரைண்டரில் ஃபிளாப் டிஸ்க் (உப்புத்தாள் மடிப்புகள் அடுக்கிய வட்டு) மாட்டி எடுங்கள், கிரைண்டர் போகாத மூலைகளில் 80 நம்பர் உப்புத்தாள். மழமழவென்று ஆக்கத் தேவையில்லை, லேசான சொரசொரப்பு இருந்தால்தான் பெயிண்டுக்கு முன் அடிக்கிற அடிப்பூச்சு, அதாவது பிரைமர், பிடிக்கும்.

பழைய வீடுகளில் ஒரு எச்சரிக்கை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலில் எவ்வளவு ஈயம் இருக்கிறதோ தெரியாது. அதைக் காய்ந்த நிலையில் கிரைண்டரில் தூளாக்கிப் பறக்கவிடாதீர்கள், குறிப்பாக வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால். வாட்டர் பேப்பர் வைத்து ஈரமாகத் தேயுங்கள். கீழே பாலித்தீன் விரித்து, விழுந்த கசடைக் கூட்டி எடுத்துக் கட்டி அப்புறப்படுத்துங்கள். கோலம் போடுகிற வாசலில் அது கிடக்கக் கூடாது.

கிரைண்டரைப் பற்றி நான் கறாராகச் சொல்வது: வீலைச் சுற்றி இருக்கும் காப்புத் தகட்டை, அதாவது கார்டை, கழற்றக் கூடாது. நாலு அங்குல கிரைண்டர் நிமிஷத்துக்கு பதினோராயிரம் சுற்றுக்கு மேல் ஓடும். கார்டைக் கழற்றி ஐந்து அங்குல வீல் மாட்டுகிற பழக்கம் நிறையப் பட்டறைகளில் இருக்கிறது. அந்த வேகத்துக்குச் செய்யாத வீல் உடைந்தால் துண்டு வயிற்றிலோ கண்ணிலோதான் நிற்கும். வீலின் நடு வளையத்தில் காலாவதி மாதம் அச்சிட்டிருக்கும், வாங்கும்போதே பாருங்கள். ஈரத்தில் கிடந்த வீலைப் போடாதீர்கள். கண்ணாடி போடாமல் ஒரு வினாடிகூட ஓட்டாதீர்கள்.

சுரண்டி முடித்ததும் மறுபடியும் ஒரு முறை கழுவுங்கள். துருவுக்கு அடியில் இருந்த உப்பு இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது. உடனே துணியால் துடைத்து வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். அன்று ராத்திரி அப்படியே விட்டு, விடிந்ததும் கண்ணைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். இரும்பின் மேல் எல்லா இடத்திலும் சீராக லேசான மஞ்சள் பூத்திருந்தால் பரவாயில்லை, அது காற்று ஈரம். குழிகளுக்குள் மட்டும் ஊசிமுனை அளவில் கருத்து, வியர்த்தது போல் நசநசவென்று இருந்தால் அங்கே உப்பு பாக்கி இருக்கிறது. அந்த இடங்களை மட்டும் பிரஷ்ஷால் தேய்த்து, அலசி, காயவைத்து மறுபடி பாருங்கள். அந்தக் குழிகள் வியர்ப்பது நிற்கும் வரை பிரைமர் டப்பாவைத் திறக்க வேண்டாம். காலையில் பூத்திருக்கும் மஞ்சளை உப்புத்தாளால் ஒரு இழுப்பு இழுத்து, தின்னர் நனைத்த துணியால் துடைத்தால் போய்விடும்.

"துருவை மாற்றும்" திரவம் ஒன்று கடையில் கிடைக்கும். பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ சேர்ந்தது. சுரண்ட முடியாத மூலையில் அது உதவும், மற்ற இடத்தில் சோம்பலுக்கு மருந்தாக அதை வைத்துக்கொள்ளாதீர்கள். உப்பு மேல் அதுவும் வேலை செய்யாது.

வெட்டி ஒட்டுவது

தூண் அடியிலோ கீழ்ச் சட்டத்திலோ ஓட்டை விழுந்திருந்தால் எல்லோரும் செய்வது, மேலே ஒரு தகட்டை வைத்து நாலு பக்கமும் பற்றவைப்பது. கடலோரத்தில் இதைச் செய்யவே கூடாது. பழைய இரும்புக்கும் புதுத் தகட்டுக்கும் நடுவில் மெல்லிய இடுக்கு இருக்கும். அங்கே உப்புத்தண்ணீர் ஏறும், பிரஷ் போகாது, வெயிலும் போகாது. இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு பருக்கும், அந்த வீக்கமே வெல்டைப் பிளந்து தகட்டைத் தூக்கிவிடும். அரித்த பகுதியை முழுக்க வெட்டி எடுங்கள். நல்ல இரும்பு தெரிந்த இடத்துக்கு மேலும் இரண்டு விரல் தள்ளி வெட்டுங்கள். அதே அளவு பைப்பை அங்கே நேருக்கு நேர் வைத்து ஒட்டுங்கள். பழைய பைப் எத்தனை கேஜ் என்று வெட்டிய முனையில் அளந்து, அதைவிடக் குறையாமல் வாங்குங்கள். வீட்டு கேட்டுக்கு 14 கேஜ், அதாவது 2 மில்லி கனம், நான் சொல்லும் குறைந்தபட்ச அளவு. கடையில் மலிவாகத் தருகிற 18 கேஜ் 1.2 மில்லிதான், கடற்காற்றுக்கு அது சீக்கிரம் காகிதமாகிவிடும்.

வீட்டிலேயே ஒட்டுபவர்கள் இப்போது சின்ன இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் வைத்திருக்கிறார்கள். நல்லதுதான். அதை விளக்கு மாட்டுகிற சாதா பிளக்கில் செருகாதீர்கள். எர்த் சரியாக உள்ள 16 ஆம்பியர் பிளக் வேண்டும். 2 மில்லி பைப்புக்கு 6013 ராடு, 2.5 மில்லி கனம், 60 முதல் 70 ஆம்பியரில் ஆரம்பியுங்கள். ராடு ஒட்டிக்கொண்டே இருந்தால் கொஞ்சம் ஏற்றுங்கள், ஓட்டை விழுந்தால் குறையுங்கள். முதலில் நாலு மூலையிலும் டேக், அதாவது சின்னப் பொட்டு வெல்ட், வையுங்கள். மட்டம் பாருங்கள், கேட்டை ஒரு தடவை மூடித் திறந்து பாருங்கள். சரியாக உட்கார்ந்தால்தான் வெல்டை முழுசாக ஓட்ட வேண்டும். ஓட்டும்போது ஒரே பக்கம் போகாமல் எதிரெதிர்ப் பக்கமாகத் துண்டு துண்டாக ஓட்டுங்கள், இல்லையென்றால் சூட்டில் சட்டம் இழுத்துக்கொண்டு தாழ்ப்பாள் சேராது. நம் ஊர்க் காற்றில் ராடு ஈரம் பிடிக்கும், புஸ்ஸென்று தெறித்து ஓடினால் அதுதான் காரணம். மூடி இறுக்கமான டின்னில் வையுங்கள். ஈரமாகிவிட்ட ராடை நூறு டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்தால் சரியாகும்.

வெல்டின் மேல் நிற்கும் கசடைத் துளி விடாமல் தட்டி எடுக்க வேண்டும். சுற்றிப் படிந்த புகைக்கறையையும் கழுவ வேண்டும். புதுசாக ஒட்டிய இடமே முதலில் துருப்பிடிப்பதை எத்தனையோ வீடுகளில் பார்க்கலாம். காரணம் இந்தக் கசடும் கறையும்தான்.

ஜி.ஐ. பைப்பை, அதாவது ஜிங்க் பூசிய இரும்பு பைப்பை, ஒட்டுகிறவர்களுக்கு: வெள்ளையாகப் புகை வருகிறதே, அது ஜிங்க் புகை. அதை இழுத்தால் அன்று ராத்திரி குளிரும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் முறிந்துவிடும் என்பது பட்டறைப் பேச்சு, எங்கள் பட்டறையிலும் சொல்வார்கள். பால் நுரையீரலுக்குப் போவதில்லை. ஒட்டுகிற இடத்தில் இரண்டு பக்கமும் ஒரு அங்குலம் ஜிங்க் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, திறந்தவெளியில், புகை முகத்துக்கு வராதபடி நின்று ஒட்டுங்கள்.

உடை விஷயத்தில் பெண்களுக்குத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் யாரும் சொல்வதில்லை. நைட்டியோ சின்தெடிக் சுடிதாரோ போட்டுக்கொண்டு ராடு பிடிக்காதீர்கள், பொறி பட்டால் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். முழுக்கைக் காட்டன் சட்டை, காட்டன் பேன்ட், தோல் ஷூ. துப்பட்டா வேண்டாம், முடியைக் கட்டி உள்ளே செருகுங்கள். கழுவிய ஈரத் தரையில் நின்று வெல்டிங் கூடாது. பக்கத்தில் நிற்கும் குழந்தைகளையும் வெளிச்சத்தைப் பார்க்கவிடாதீர்கள்.

தண்ணீர் வெளியேற வழி

சதுர பைப்பில் செய்த கேட்டின் கீழ்ச் சட்டத்துக்குள் தண்ணீர் எப்படியோ போய்விடும். வெல்டில் ஊசித்துளை இருந்தாலே போதும். போனது வெளியே வர வழியில்லாமல் உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயிண்ட் பளிச்சென்று இருக்க, ஒரு நாள் சட்டம் கையோடு வரும். கீழ்ச் சட்டத்தின் அடியில் இரண்டு முனையிலும் நடுவிலும் 6 மில்லி டிரில்லால் துளை போடுங்கள். பழைய கேட்டில் துளை போட்டதும் செந்தண்ணீர் ஒழுகுவதைப் பார்த்தால் நான் சொல்வது புரியும். பெயிண்ட் அடிக்கும்போது அந்தத் துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தூண் சிமெண்டில் இறங்குகிற இடத்தில் பள்ளம் இருந்தால் தண்ணீர் அங்கேயே தேங்கி, தரைமட்டத்தில் சுற்றிலும் அரிக்கும். சிமெண்டைக் கொஞ்சம் உயர்த்தி, தூணிலிருந்து வெளிப்பக்கம் சரியும்படி பூசிவிடுங்கள். சின்ன வேலை, கொஞ்சம் சிமெண்ட் போதும். தூணின் ஆயுளை இதுதான் நீட்டும்.

பிரைமரும் பெயிண்டும்

மார்கழியில் பெயிண்ட் அடிக்காதீர்கள். பொங்கலுக்கு வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று எல்லோரும் மார்கழிக் கடைசியில்தான் கூப்பிடுவார்கள். பனி இறங்கும் மாதம், சாயங்காலம் அடித்த எனாமல் காலையில் மங்கி வெளுத்திருக்கும். பொங்கலுக்குச் சுவரை வெள்ளையடியுங்கள், இரும்பு மாசி பங்குனி வரை பொறுக்கட்டும். அதுவரை கழுவி மட்டும் வையுங்கள்.

நாளில் எந்த நேரம் என்பதும் முக்கியம். வெயில் ஏறி இரும்பில் பனி காய்ந்த பிறகு ஆரம்பித்து, கடற்காற்று திரும்புவதற்குள் முடிக்க வேண்டும். கோடையில் பன்னிரண்டு மணி வாக்கில் காற்று கடலிலிருந்து வீச ஆரம்பித்துவிடும். ஈரப் பெயிண்ட் மேல் அது உப்பையும் மணலையும் கொண்டுவந்து ஒட்டும். ஆகவே எட்டரை, ஒன்பதுக்குள் தொடங்கி பதினோரு மணிக்குள் பிரஷ்ஷைக் கீழே வையுங்கள். இரும்பு காய்ந்ததா என்று பார்க்க, ஈரத்துணியால் ஒரு கோடு இழுங்கள். கால் மணி நேரத்துக்குள் அந்தக் கோடு மறைந்தால் அடிக்கலாம்.

பிரைமரில் சாதா ரெட் ஆக்சைடு மலிவு. கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் வீட்டுக்கு இரண்டு கோட் போதும். அலைச்சத்தம் கேட்கிற தூரத்தில் வீடு என்றால் ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் வாங்குங்கள். இரண்டு டப்பா கலக்கிற எபாக்ஸி இன்னும் நல்லது, ஆனால் அதைச் சுத்தமான இரும்பின் மேல் மட்டுமே அடிக்க வேண்டும். பழைய எனாமல் மேல் அடித்தால் சுருக்கிக் கிளப்பிவிடும். வெயிலில் எபாக்ஸி மாவாக உதிரும் என்பதால் மேலே வேறு பெயிண்ட் கட்டாயம். புது ஜி.ஐ. மேல் நேராக எனாமல் அடித்தால் தோல் உரிவது போல் உரியும், அதற்கென்று இருக்கும் எட்ச் பிரைமர் முதலில் வேண்டும்.

முதலில் முழுக் கேட்டுக்கும் அடிக்க ஆரம்பிக்காதீர்கள். ஓரங்கள், வெல்ட், மூலை, போல்ட் தலை இவற்றுக்கு மட்டும் சின்ன பிரஷ்ஷால் ஒரு கோட் கொடுத்துக் காயவிடுங்கள். கூரான ஓரத்தில் பெயிண்ட் நிற்காமல் விலகி மெலிந்துவிடும், துரு எப்போதும் அங்கிருந்துதான் கிளம்பும். பிறகு முழுசாக ஒரு கோட், அப்புறம் இன்னொன்று. ரெட் ஆக்சைடோடு மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள், "பிறகு கலர் அடிச்சுக்கலாம்" என்று. பிரைமர் தனியாகத் தண்ணீரைத் தடுக்காது, அதன் மேல் பெயிண்ட் வேண்டும். டப்பாவில் போட்டிருக்கும் நேரம் காய்ந்ததும் எனாமல் இரண்டு கோட் அடித்துவிடுங்கள். கிரில்லின் அடிப்பக்கத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்து அடியுங்கள், அங்கேதான் பெயிண்டர்கள் விட்டுவிடுகிறார்கள்.

எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்று கேட்பவர்கள் உண்டு. கடையில் மலிவாக வரும் எஸ்.எஸ். பெரும்பாலும் 202 கிரேடு, கடலோரத்தில் சீக்கிரமே பழுப்புப் புள்ளி விழும். 304 பரவாயில்லை, அதுவும் கறை பிடிக்கும். மாலிப்டினம் சேர்ந்த 316தான் உப்புக்குத் தாக்குப்பிடிக்கும், விலையும் அதற்கேற்ப. காந்தம் ஒட்டவில்லை என்பதை வைத்து 304 என்று நம்பிவிடாதீர்கள், 202லும் காந்தம் ஒட்டாது. பில்லில் கிரேடு எழுதி வாங்குங்கள். எதுவானாலும் கழுவாமல் விட்டால் கறைதான்.

மாதம் ஒரு முறை கேட்டையும் கிரில்லையும் நல்ல தண்ணீரில் துணி நனைத்துத் துடைக்கச் சொல்லி எல்லா வீட்டிலும் சொல்லிவிட்டு வருகிறேன். மழைக்காலத்துக்கு முன் ஆவணி புரட்டாசியில் கூரைத் தகடு பிடிக்கும் ஜே போல்டுகளையும் ஏறிப் பாருங்கள், ஏணியைக் கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கரையேறியபோது இந்தப் பக்கம் எத்தனை கூரை பறந்தது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். தகடு புதுசாக இருந்தும் வாஷருக்கு அடியில் போல்ட் கழுத்து அரித்திருந்தால் காற்றுக்கு அது நூல்தான். வாஷரைத் தூக்கிப் பாருங்கள், கழுத்து மெலிந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

மாடிக் கைப்பிடி, பால்கனி கிரில், படிக்கட்டுச் சட்டம் இவற்றின் அடிப்பகுதி அரித்திருந்தால் மட்டும் நீங்களாக ஒட்டாதீர்கள். ஆள் சாய்கிற இடம் அது. பட்டறையில் தெரிந்தவர்களைக் கூப்பிட்டு, ஒட்டிய பிறகு அவர்களையே சாய்ந்து காட்டச் சொல்லுங்கள்.